அண்ணிக்கு ஒதுக்கிய வீதி

“ரெண்டு நிமிஷம் முட்டி போட முடியல, ஓடிக்கிட்டே ஜெபம் பண்றாளாம். அது ஜெபம் இல்லம்மா, எக்ஸர்சைஸு.”

கடலூரில் எங்கள் சபையின் பெண்கள் கூட்டம் முடிந்து டீ கொடுத்துக்கொண்டிருந்தபோது பாஸ்டரம்மா இப்படிச் சொன்னார். பக்கத்தில் நின்றவர்களிடம்தான் சொன்னார்; ஆனால் என் காதில் விழ வேண்டும் என்றே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தபடி டம்ளரைக் கீழே வைத்தேன். பதில் சொல்லத் தெரியாதவள் இல்லை நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை படித்து முடித்த முதல் ஆள். கணிதத்தில் முதுகலை முடித்தவள். கூட்டத்தில் வேதம் வாசிக்க வேண்டுமென்றால் பாஸ்டரம்மாவே என்னைத்தான் எழுப்புவார். ஆனாலும் அன்று வாய் திறக்கவில்லை. அவர் சொல்வது உண்மையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது.

முட்டி போட்டால் எனக்கு மூச்சு அடைக்கும். கல்லூரியின் கடைசி வருடத்தில் தொடங்கியது இது. கண்ணை மூடினால் போதும்; தேர்வில் தோற்றுவிட்டால், அப்பா வேலை பார்க்கும் கட்டடத்தில் சாரம் சரிந்துவிட்டால், அண்ணன் ஓட்டும் ஷேர் ஆட்டோ லாரியில் மோதிவிட்டால் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். நெஞ்சுக்குள் யாரோ ஈரத் துணியைப் பிழிவதுபோல் இருக்கும். டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, காலையில் நடந்து பழகு என்றார். நடந்தேன். கவலைகளும் கூடவே நடந்து வந்தன. ஒருநாள் மஞ்சக்குப்பம் தாண்டிக் கடற்கரைச் சாலையில் போகும்போது ஒரு நாய் துரத்தியது. ஓடினேன். நாய் நின்றுவிட்ட பிறகும் நான் நிற்கவில்லை. மூச்சை இழுக்கும்போது ‘ஆண்டவரே’ என்று வந்தது, விடும்போது ‘இரங்கும்’ என்று வந்தது. வேறெதுவும் மனசில் இல்லை. கடற்கரையில் போய் நின்றபோது அழுகை வந்தது. நான் ஒழுங்காகச் செய்த முதல் ஜெபம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

அதோடு விட்டிருக்கலாம். எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடியும்போது ஜெபக் குறிப்புகள் சொல்வார்கள். ஒவ்வொருவராக எழுந்து, மாமனாருக்கு டயாலிசிஸ், மகளுக்கு வரன் அமையவில்லை, மகனுக்கு விசா வரவில்லை என்று சொல்ல, மற்றவர்கள் அந்த வாரம் முழுக்க அவர்களுக்காக ஜெபிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் திங்கட்கிழமையே மறந்துவிடுவார்கள். நான் மறக்கக் கூடாது என்று ஒரு வழி கண்டுபிடித்தேன். ஓடுகிற சாலையை ஆட்களுக்குப் பங்கு போட்டேன். ரேஷன் கடையிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை டயாலிசிஸ் போகிற பெரியவர். தொட்டியிலிருந்து டீக்கடை வரை வரன் தேடுகிற அக்கா. அந்தந்த இடம் வந்ததும் அந்தந்த முகம் தானாக வரும். டீக்கடையைத் தாண்டினால் வரும் சின்னப் பாலத்தை அண்ணிக்குக் கொடுத்தேன்.

அண்ணனுக்குக் கல்யாணமாகி முதலில் தங்கிய குழந்தை ஐந்தாம் மாதத்தில் கலைந்துவிட்டது. அதற்குப் பிறகு வெகுநாள் ஒன்றுமில்லை. அண்ணி யாரிடமும் அதைப் பற்றிப் பேசமாட்டார். ஜெபக் குறிப்பு சொல்லும் நேரத்தில் குனிந்து செருப்பைத் தேடுவார். அவர் சொல்லாத குறிப்பை நானே எடுத்துக்கொண்டேன். பாலத்தில் மட்டும் வேகத்தைக் குறைத்து ஓடுவேன்.

விசா வந்தது. “நீ ஜெபிச்சேன்னு கேள்விப்பட்டேன் பாப்பா” என்று அந்தப் பையனின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அண்ணியும் உண்டானார். அம்மா அதைச் சொன்னபோது எனக்குச் சந்தோஷம் மட்டும் வரவில்லை, பெருமையும் வந்தது. பாஸ்டரம்மா பார்த்துச் சிரித்த இந்தக் கால்களில் ஒரு சபையே போய் வருகிறது என்ற நினைப்பு எனக்கு இனித்தது.

அந்தச் சமயத்தில்தான் சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தது. தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், இன்னொரு டீச்சரோடு அறை எடுத்துத் தங்கினேன். சனிக்கிழமை கடலூர், ஞாயிறு சாயங்காலம் திரும்பச் சிதம்பரம். முதல் வாரம் ஓட இடம் தேடி அலைந்தேன். கடைசியில் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு தேர் வீதிகள்தான் வசதியாக இருந்தன. விடியுமுன்பே வெளிச்சம் இருக்கும், வாசல் தெளிக்கிற பெண்கள் இருப்பார்கள், பயமில்லை. “கோலத்த மிதிக்காம ஓடு கண்ணு” என்று மேல வீதியில் ஓர் அம்மா தினமும் சொல்வார். கடலூர்ச் சாலையில் இருந்தவர்களை எல்லாம் கொண்டுவந்து இந்த நான்கு வீதிகளில் குடிவைத்தேன். அண்ணிக்குக் கீழ வீதி முழுவதும்.

அண்ணி போனில் சிரித்தார். “பாஸ்டரம்மா என்னா சொல்றாங்க தெரியுமா? டீச்சரு வேலைக்குப் போயி கோயில சுத்த ஆரம்பிச்சிட்டாங்களாமேன்னு.”

“நீங்க என்னா சொன்னீங்க?”

“அங்கப்பிரதட்சணம் பண்ணாத வரைக்கும் பரவாயில்லன்னேன்.”

அண்ணிக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது ஆனித் தேர் வந்தது. பள்ளிக்கு விடுமுறை. வழக்கம்போல் எழுந்து தெற்கு, மேல, வடக்கு வீதிகளை ஓடிவிட்டேன். கூட்டம் அப்போதே சேர ஆரம்பித்திருந்தது. வடக்கு வீதி முனையில் போலீஸ் தடுப்பு வைத்திருந்தார்கள். அதற்கப்பால் கீழ வீதி முழுக்கத் தலைகள். தேர்கள் நின்றிருந்தன, வடத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். புகுந்து போயிருக்கலாம். நின்ற இடத்திலேயே கண்ணை மூடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வியர்வையோடு அந்தக் கூட்டத்தில் நிற்கக் கூச்சமாக இருந்தது. நாளைக்குச் சேர்த்து ஜெபித்துக்கொள்ளலாம் என்று சந்து வழியாக அறைக்குத் திரும்பிவிட்டேன்.

மதியம் அம்மா போன் செய்தார். “அண்ணிக்கு ரத்தம் பட்டுடுச்சிடி. ஆஸ்பத்திரிக்கு இட்டாந்திருக்கோம். ஜெபம் பண்ணு.”

ஜெபம் பண்ணு என்ற அந்தச் சொல்தான் என்னைக் குத்தியது. காலையில் நான் விட்ட வீதி அண்ணியின் வீதி. எல்லா வீதியும் ஓடி அந்த ஒன்றை மட்டும் விட்டிருக்கிறேன். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று கணக்கு படித்த மூளை சொன்னது. வயிறு கேட்கவில்லை. திருவிழாவுக்காகப் பஸ்களை ஊருக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். அண்ணனுக்குப் போன் செய்தால், “நீ வந்து என்னா பண்ணப் போற, காலைல வா, டாக்டர் இன்னும் ஒண்ணும் சொல்லல” என்றார். சாயங்காலம் ஷூவை மாட்டிக்கொண்டு கீழ வீதிக்குப் போனேன். தேர்கள் மேல வீதிப் பக்கம் போயிருந்தன. வீதியெல்லாம் செருப்பும் பிளாஸ்டிக் டம்ளரும் வாழைப்பழத் தோலுமாகக் கிடந்தது. அதில் ஓடினேன். ‘ஆண்டவரே’ வந்தது, ‘இரங்கும்’ வரவில்லை. அதற்குப் பதிலாக ‘மன்னியும்’ என்று வந்தது. தடுப்பருகே நின்ற பெண் போலீஸ் கூப்பிட்டார்.

“இந்தாம்மா, தேரு அந்தாண்ட போயிடுச்சி. நீ இங்க எதத் தேடி ஓடற?”

திரும்பி, மறுபடி முதலிலிருந்து ஓடினேன்.

மறுநாள் காலை போனபோது அண்ணி வார்டில் படுத்திருந்தார். குழந்தையின் துடிப்பு இருக்கிறது, ஆனால் நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறது, பிரசவம் வரை கட்டிலைவிட்டு அதிகம் எழக் கூடாது, மறுபடி ரத்தம் பட்டால் உடனே வர வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சில நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மா ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். நான் சொல்லவில்லை, ஸ்தோத்திரம் சொல்லி முடித்த பிறகு ஏதாவது நடந்துவிட்டால்?

அதன்பின் ஓட்டம் வேறு மாதிரி ஆனது. கீழ வீதியை ஒருமுறை ஓடினால் மனசு ஆறவில்லை. நடுவில் கவனம் சிதறினால், ஒரு பால்காரர் குறுக்கே வந்து யோசனை மாறினால், திரும்பப் போய் அண்ணி தொடங்கும் இடத்திலிருந்து ஓடுவேன். மழை பெய்தாலும் ஓடினேன். மாதவிலக்கு வலியிலும் ஓடினேன். வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதும்போது கால் நடுங்கும். போன் அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். நாயிடமிருந்து ஓடியபோது கிடைத்த அந்த வெறுமையான மனசு போயே போய்விட்டது. இப்போது துரத்தியது எது என்று எனக்கே தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை கடலூர் வீட்டில் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மா கடைக்குப் போயிருந்தார்.

“என்னா டீச்சரம்மா, கண்ணு ரெண்டும் உள்ள போயிடுச்சி? சிதம்பரத்துல சோறு போடறதில்லையா?”

சொல்லிவிட்டேன். சாலையைப் பங்கு போட்டது, தேர் அன்று திரும்பியது, எல்லாவற்றையும். அண்ணி கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

“என்னைய இங்க எந்த எடத்துல வச்சிருந்த?”

“பாலத்துல.”

“பாலத்துலயா? அந்த நாத்தம் புடிச்ச தண்ணி மேலயா? வேற எடமே கெடைக்கல உனக்கு?” வயிறு குலுங்கக் கூடாது என்று கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பாஸ்டரம்மாவ எங்க வச்ச?”

“வைக்கல.”

“அதான் அவுங்க நல்லா இருக்காங்க.”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி திரும்பி என்னைப் பார்த்தபோது முகம் மாறியிருந்தது.

“அப்ப அன்னிக்கு நீ அந்தத் தெருவுல வராததாலதான் எனக்கு ரத்தம் பட்டுச்சின்றியா?”

“எனக்கு அப்படித்தான் தோணுது அண்ணி.”

“சரி. போன தடவ? அந்தப் புள்ள போனதுக்கு யாரு ஓடாம வுட்டது?”

அண்ணி விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார்.

“உங்கம்மா கேட்டாங்க, கொடம் தூக்குனியான்னு. சபையில ஒருத்தி கேட்டா, உபவாசம் இருக்கலியான்னு. உங்கண்ணன் ஒண்ணும் கேக்கல, ஆனா ரொம்ப நாளு என் மொகத்தப் பாக்கல. நீ ஒருத்திதான் எதுவும் கேக்காம வந்து எனக்குத் தல சீவி வுட்ட. இப்ப நீயும் காரணம் தேட வந்துட்டியா?”

“நான் உங்கள சொல்லல அண்ணி, என்னையத்தான்…”

“ரெண்டும் ஒண்ணுதான். ஒருத்தி ஒழுங்கா செஞ்சா புள்ள நிக்கும், இல்லன்னா போயிடும்னா, அது போனதுக்கு நான்தான காரணம்? நான்தான சுமந்தேன்?” குரல் உடைந்தது. “ஜெபம் பண்ணு, வேணாங்கல. நீ படிச்சவதான், அதுக்காக ஆண்டவருக்கு கிளாஸ் மானிட்டர் வேல பாக்காத. என் புள்ளய உன் காலுல கட்டாத பாப்பா.”

அதுவரை அண்ணி அழுது நான் பார்த்ததில்லை. தொலைந்த குழந்தைக்காகவும் அவர் என் முன்னால் அழுததில்லை. எனக்குத் தெரிந்த ஜெப வார்த்தை ஒன்றும் அங்கே உதவவில்லை. புடவை முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரே சொன்னார்.

“காலு கடுக்குது. மொதல்ல அத அமுக்கி வுடு.”

கால்கள் வீங்கியிருந்தன. கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்தது. பாதத்திலிருந்து முழங்கால் வரை மெல்ல நீவிவிட்டேன். கண் மூடிக்கொண்டே அண்ணி பேசினார்.

“பகல்ல தெரியல. ராத்திரியிலதான் பயமா இருக்கு. உங்கண்ணன் வண்டி ஓட்டிட்டு வந்து படுத்தா எழுப்ப முடியாது. உங்கம்மாவ எழுப்பினா அவுங்க என்னைய வுட ஜாஸ்தி பயப்படுறாங்க. இருட்டுல வயித்து மேல கைய வச்சிக்கிட்டு அசையுதா அசையுதான்னு பாத்துக்கிட்டே கெடக்கேன். கூட யாருன்னா முழிச்சிக் கெடந்தா தேவலன்னு இருக்கும்.”

இத்தனை நாளும் விடியுமுன் எழுந்து, இவருக்காக என்று நான் ஓடிய நேரத்தில், இவர் இங்கே தனியாக விழித்துக் கிடந்திருக்கிறார். அதைக் கேட்கவே எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து வந்த திங்கட்கிழமை சிதம்பரத்தில் எழுந்து, ஓடக் கிளம்பாமல், அறை வாசற்படியில் உட்கார்ந்தேன். நெஞ்சைப் பிழிந்தது. எழுந்து ஓடிவிட்டால் போய்விடும் என்று தெரியும். உட்கார்ந்தே இருந்தேன். இதனால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் இருந்தது, இன்றும் இருக்கிறது. அண்ணிக்கு ஏழாம் மாதம் இன்னும் தொடங்கவில்லை. குழந்தை தங்கும் என்று யாரும் எனக்கு உறுதி சொல்லவில்லை, ஆண்டவரும்தான்.

நேற்று சிதம்பரம் அறையைக் காலி செய்துவிட்டேன். “பிரசவம் வரைக்கும் தினம் கடலூர்லேர்ந்தா வந்து போவீங்க? உடம்பு தாங்குமா?” என்று கூட இருந்த டீச்சர் கேட்டார். தாங்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். முதல் பீரியடை மாற்றித் தரத் தலைமை ஆசிரியை ஒத்துக்கொண்டார். ஒரு சூட்கேஸ், ஒரு வாளி, விடைத்தாள் கட்டு ஆகியவற்றோடு கடலூர் பஸ்ஸில் வந்து இறங்கினேன். அண்ணன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். அண்ணியின் கட்டிலை ஒட்டி என் பாயை விரித்திருக்கிறேன். அவர் கையை நீட்டினால் என் தோளில் படுகிற தூரத்தில்.