வலது சீட்டுக்காரர்

நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். பேய் பிசாசு என்று யார் பேச்செடுத்தாலும் முதலில் கேலி செய்கிறவன் நான்தான். கம்பத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன், வண்டி நின்றால் எதனால் நின்றது என்று பிரித்துப் பார்க்கிற புத்தி.

செல்போன் வந்த புதிது, மலையில் சிக்னல் கிடைக்காது. கம்பம்மெட்டுக்கு மேலே ஒரு ஏலக்காய்த் தோட்டத்து ஷெட்டில் பழைய அமெரிக்கக் கார் கிடந்தது, படகு மாதிரி நீளம், ஸ்டியரிங் இடது பக்கம். விற்கப்போகிறேன், பழையபடி ஆக்கிக்கொடு என்று தோட்டத்து அம்மா சொல்ல, மாதக்கணக்கில் அங்கேயே கிடந்து இன்ஜினிலிருந்து பெயின்ட் வரை பார்த்தேன். வலது பக்க முன் கண்ணாடியை ஏற்றி இறக்கும் சாமான் மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை, அதனால் கண்ணாடியை ஏற்றிப் பசை போட்டு ஒட்டிவிட்டேன்.

சாவியைக் கொடுக்கும்போது அந்த அம்மா, "வலது சீட்டக் காலியா விட்டு ஓட்டாதீக தம்பி. அந்தக் காலத்துல எதுக்க வர்ற வண்டிக்குக் கை காட்டுறதுக்குன்னே அங்கன ஒருத்தர் உக்காந்து வருவாக" என்றார்.

"அதான் இப்ப இண்டிகேட்டர் இருக்கேம்மா" என்றேன்.

வாங்குகிற பார்ட்டி கம்பத்தில் காத்திருந்தார். இப்படி ஒரு காரில் ஏறாமல் விடுவாளா என் மனைவி, மகளையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். பிள்ளை தூங்கிவிட்டதால் மடியில் போட்டுக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்தாள்.

நாங்கள் மலையிறங்கியது, தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகள் மேலே வரும் காலை நேரம். ஒரு கொண்டை ஊசி வளைவில் பிரேக்கை மிதித்தால் கால் தரை வரை போகிறது. கார் ரோட்டை முழுக்க அடைத்துக்கொண்டு திரும்பியது, அந்த நேரம் எதிரே வண்டி இருந்தால் எல்லோரும் பள்ளத்தில்தான். நம்பினால் நம்புங்கள், ஜீப் ஒன்று வந்துதான் இருந்தது, ஆனால் வளைவுக்குக் கீழேயே ஓரம் கட்டி நின்றிருந்தது. நான் மலைப்பக்கத்து மண்ணில் உரசி நிறுத்தினேன். பிள்ளை எழுந்து தண்ணீர் கேட்டாள்.

ஓடி வந்த ஜீப் டிரைவர் நேரே வலது கதவுக்குப் போனார். "பெரியவரு எங்கன? கைய வெளிய நீட்டி நிறுத்து நிறுத்துன்னு காட்டுனாகளே, அவுகதான டிரைவரு?"

"வெள்ளச் சட்ட, முழுக்கை. நாங்களும் பாத்தோம்" என்றார்கள் ஜீப்பில் இருந்த பெண்கள்.

நான் அந்தக் கண்ணாடியை அழுத்தித் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை.

பிரேக் பைப் விரிசல் விட்டிருந்தது, அதற்குக் காரணம் தெரிந்து சரிசெய்துவிட்டேன். மற்றதற்கு இன்றுவரை தெரியவில்லை. யாராக இருந்தாலும் என் பெண்டாட்டி பிள்ளையை எனக்குத் திருப்பிக் கொடுத்தவர். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதெல்லாம் அவருக்கு ஒரு கும்பிடு போடுகிறேன், பெயர் தெரியாததால் அய்யா என்று மட்டும் சொல்லிக்கொள்வேன்.

சில நாள் கழித்து பார்ட்டி காரை எடுத்துக்கொண்டு தனியாகத்தான் கிளம்பினார். தெருமுனையில் எதிரே டவுன் பஸ். இவர் இண்டிகேட்டர் போடவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஆனாலும் பஸ் நின்று வழிவிட்டது, பஸ் டிரைவர் காரின் வலது கண்ணாடியைப் பார்த்து, சரிங்கய்யா என்பதுபோல் தலையாட்டிக் கையைத் தூக்கினார்.