ஐதராபாத் வழியாக ரேணிகுண்டா

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் ஸ்டீவன் கிரேன் எலக்ட்ரீஷியன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அதே கம்பெனிக்கு ஆந்திராவில், ரேணிகுண்டாவில் இன்னோர் ஆலை உண்டு. மாநில எல்லையில் எளாவூர் செக்போஸ்டைத் தாண்டி வண்டியில் போனால் மூன்று மணி நேரம்கூட ஆகாது. அங்கே ஒருநாள் கிரேன், கம்பிக் கட்டைத் தூக்கிய நிலையிலேயே அந்தரத்தில் நின்றுவிட்டது.

"அண்ணே, நாளைக்கு நீங்க ஃபிளைட்ல போறீங்க" என்றாள் ஆபீஸ் மோனிகா.

"இன்னாம்மா சொல்ற? நம்ம டிரைவர் ராபின் வண்டி காலைல லோடு ஏத்திக்கினு அங்கதான போவுது. ஏறிக்கினு போனா பத்து மணிக்கு வேல முடிஞ்சிடும்."

"வேற ஸ்டேட்டுன்னா ஃபிளைட்தான்னு புது ரூல் வந்திருக்கு. சிஸ்டம் வேற எதையும் எடுக்க மாட்டேங்குது. சென்னைலேர்ந்து ஐதராபாத், அங்கேர்ந்து ரேணிகுண்டா."

ஸ்டீவன் அதுவரை விமானம் ஏறியதில்லை. அந்த ஆசையில் சரி என்றுவிட்டார். மனைவி ஏஞ்சலின் சர்ச் முழுக்கச் சொல்லிவிட்டாள். கையில் கொண்டுபோக விமானத்தில் விடமாட்டார்கள் என்பதால் ஸ்க்ரூடிரைவர், ஸ்பேனர் எல்லாம் ராபின் வண்டியில் போயின.

காலை ஆறு மணி ரயிலைப் பிடித்து, பிறகு மெட்ரோ பிடித்து, பதினொரு மணிக்கு விமானத்தில் உட்கார்ந்தார். ஜன்னல் சீட். மேலே ஏறிய கொஞ்ச நேரத்தில் பழவேற்காடு ஏரி தெரிந்தது. பக்கத்தில் சிப்காட்டின் தகரக் கூரைகள்.

"அம்மா, தோ கீழ பாரு, எங்க கம்பெனி! காலைல அங்கேர்ந்துதான் கெளம்புனேன்" என்று பணிப்பெண்ணிடம் காட்டினார். அவள் சிரித்துக்கொண்டே, பெல்ட்டைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

ஐதராபாத்தில் அடுத்த விமானத்துக்கு நாலு மணி நேரம் இருந்தது. ராபின் போன் செய்தான்.

"அண்ணே, நான் வந்து சாப்ட்டு, ஒரு தூக்கமும் போட்டுட்டேன். நீ எங்க கீற?"

"ஐதராபாத்ல."

"அங்க இன்னாண்ணே பண்ற?"

"ரேணிகுண்டாவுக்கு வந்துகினு கீறேன்டா."

காத்திருந்து ஸ்டீவனுக்குப் பேஜாராகிவிட்டது. ராபினைக் கிரேன் பக்கம் போய் வீடியோ கால் போடச் சொன்னார். மெயினை ஆஃப் பண்ணவைத்து, பேனலைத் திறந்து காட்டச் சொன்னார். மூன்றாவது ஒயர் கழன்று கிடந்தது. அங்கிருந்த எலக்ட்ரீஷியன் அதை முறுக்கினார். கிரேன் அசைந்தது.

"தூக்கு! தூக்கு!" என்று ஸ்டீவன் கையை உயர்த்திக் கத்தியதும், விமானத்துக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்த பத்துப் பேர் பெட்டியோடு எழுந்து வரிசையில் நின்றார்கள்.

வேலை முடிந்தது, திரும்பி வரட்டுமா என்று மோனிகாவிடம் கேட்டார்.

"ரேணிகுண்டா போவலன்னா ஆப்சென்ட் விழும்ணே."

போனார். சாயங்காலம் ஆறு மணிக்கு, ஓடிக்கொண்டிருந்த கிரேனை அண்ணாந்து பார்த்தார். லாட்ஜில் தங்கி, மறுநாள் மறுபடி ஐதராபாத் சுற்றி வந்து சேர்ந்தார்.

"வேல முடிஞ்சுதா?" என்றாள் ஏஞ்சலின்.

"ஐதராபாத்லயே முடிச்சிட்டேன்" என்றார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

அடுத்த மாசம் கிரேன் திரும்பவும் நின்றது. இந்த முறை ஸ்டீவன் காரணம் சொல்லாமல் லீவு போட்டார். ராபின் வண்டியில் போய்ச் சரிசெய்துவிட்டு, மூன்று மணிக்கெல்லாம் வீட்டில் சோறு சாப்பிட்டார். இரண்டாம் நாள் மெமோ வந்தது: லீவில் இருப்பவர் கம்பெனி கிரேனைத் தொட்டது ஏன்?

ஸ்டீவன் ரொம்ப யோசித்து எழுதினார்: "சும்மா ஊர் சுற்றப் போனேன். வழியில் கிரேன் நின்றிருந்தது."

மோனிகா அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு நிமிர்ந்தாள்.

"சிஸ்டம் ஏத்துக்கிச்சுண்ணே."