பேருந்து நிறுத்தத்தை மாற்றிய வகுப்பு

“நீ இவங்களுக்கு மிஸ்ஸா, எனக்குத் தங்கச்சியா? முதல்ல அதைச் சொல்லு.”

ஜூஸ் கடைக்குள்ளிருந்து இப்படிக் கேட்டது மிஸ்ஸின் அக்கா. மிஸ்ஸுக்குப் பின்னால், மாணவர் கூட்டத்தில் நானும் நின்றிருந்தேன்.

மிஸ் எங்கள் சமுதாயக் கல்லூரியில் கணக்குப்பதிவியல் நடத்துபவர். வரவு எந்தப் பக்கம், பற்று எந்தப் பக்கம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். வேறு எதைக் கேட்டாலும் “பார்க்கலாம்” என்பார். அதனால் அவருக்கு ‘பார்க்கலாம் மிஸ்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. அவர் தலையில்தான் பிரின்சிபால் ஒருநாள் சேவைவழிக் கல்வி என்ற புது வகுப்பைக் கட்டினார்.

“அப்படின்னா என்ன சார்?”

“பிள்ளைங்க ஊருக்கு நல்லது செய்யணும். செய்யறப்பவே பாடமும் படிக்கணும்.”

“எந்தப் பாடம் சார்?”

“அதைக் கண்டுபிடிக்கத்தானே மிஸ் உங்களைப் போட்டிருக்கேன்!”

முதலில் மிஸ் எங்களைப் பூங்காவைப் பெருக்கச் சொன்னார். பெருக்கினோம். அதைத் தினமும் பெருக்கும் அம்மா பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். “நாளைக்கும் வாங்க கண்ணுங்களா, என் இடுப்பு உங்களை வாழ்த்தும்” என்றார். என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று மிஸ் வகுப்பில் கேட்டதும், “குனியக் கத்துக்கிட்டோம் மிஸ்” என்றான் எங்கள் வாயாடி. மிஸ் அவனைத் திட்டவில்லை. அவருக்கும் அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை போலிருக்கிறது.

பிறகு அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். நாமாக எதையோ செய்வதைவிட, என்ன வேண்டும் என்று ஜனங்களையே கேட்டால் என்ன? கேட்டோம். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எல்லோரும் பேருந்து நிறுத்தத்தைப் பற்றித்தான் புலம்பினார்கள். நிறுத்தம் எங்கள் கல்லூரி வாசலில். ஆஸ்பத்திரியோ வளைவைத் தாண்டி. நடுவில் நடைபாதை கிடையாது. கட்டுப்போட்ட காலோடும் கைப்பிள்ளையோடும் லாரிகள் உரசிக்கொண்டு போகும் சாலையோரத்தில் நடக்க வேண்டும்.

நிறுத்தத்தை ஆஸ்பத்திரி வாசலுக்கு மாற்றச் சொல்லி நகராட்சிக்கு மனு எழுதினோம். புது நிறுத்தத்தில் நெரிசல் வரக்கூடாது, அங்கே எந்தக் கடைக்கும் இடம் தரக்கூடாது என்று ஒரு வரியும் சேர்த்தோம். “நல்லா யோசிச்சிருக்கீங்க!” என்று மிஸ் மதிப்பெண்ணை வாரி வழங்கினார்.

பழைய நிறுத்தத்தை ஒட்டித்தான் அக்காவின் ஜூஸ் கடை. மிஸ் அதை மறந்துவிடவில்லை. கடையையும் புது இடத்துக்குக் கொண்டுபோய்விட்டால் ஆயிற்று என்று நினைத்திருந்தார். நாங்கள் சேர்த்த அந்த வரி அதற்கும் வேட்டு வைத்துவிட்டது என்பது மனு போய்ச் சேர்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. எங்களையும் கூட்டிக்கொண்டு அக்காவிடம் விஷயத்தைச் சொல்லப் போனார். அப்போதுதான் அந்த ‘மிஸ்ஸா, தங்கச்சியா’ கேள்வி.

“ஆஸ்பத்திரிக்குப் போறவங்க ரொம்பக் கஷ்டப்படறாங்கக்கா...”

“நான் வேணாம்னா சொன்னேன்? ஊரையெல்லாம் கேட்டீங்க. கேட்டுக் கேட்டுத் தொண்டை காஞ்சு இங்கதானே வந்து குடிச்சீங்க? ஊத்திக் குடுத்தவகிட்ட ஒரு வார்த்தை கேட்கத் தோணலையா? இனிமே லாரிக்காரனுக்கா நான் ஆரஞ்சு பிழியறது?”



நகராட்சிப் பொறியாளர் வந்தபோது எங்கள் பருவம் முடிந்து விடுமுறை விட்டிருந்தது. மதிப்பெண் வாங்கிய கையோடு ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டோம். கல்லூரி வாசல் நிறுத்தத்தில் மிஸ் மட்டும் தனியாக நின்று இடத்தைக் காட்டினார். கடைக்குள்ளிருந்து அக்கா பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், மனுவில கடை வேணாம்னு ஒரு வரி இருக்கே, அதை மட்டும் எடுத்துட முடியுமா?”

“ஏன் மேடம், அருமையான வரியாச்சே! யார் எழுதினது?”

“பிள்ளைங்க.”

“அவங்க எங்க?”

“லீவு சார்.”

பொறியாளர் சிரித்தார். “அப்ப மொத்தத்தையும் நிறுத்தி வச்சிடவா? லீவு முடிஞ்சு அவங்களே வந்து சொல்லட்டும். மாத்தணுமா வேண்டாமா, இப்பச் சொல்லுங்க.”

அந்த நேரத்தில் ஒரு பேருந்து வந்து நின்றது. ஊன்றுகோலோடு ஒருவர் இறங்கினார். வளைவைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், நடக்கத் தொடங்கினார். மிஸ் அவரைப் பார்த்தார். கடையைப் பார்த்தார். கணக்கில் இப்படி ஒரு நிலைமை வந்ததே இல்லை என்று பிற்பாடு எங்களிடம் சொன்னார். இரண்டு பக்கமும் சரியாகத்தான் இருந்ததாம், ஆனால் கூட்டினால் ஒத்துப்போகவில்லையாம்.

“மாத்திடுங்க சார்” என்றார். சொன்னது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

நிறுத்தம் மாறியது. இப்போது நோயாளிகள் ஆஸ்பத்திரி வாசலிலேயே இறங்குகிறார்கள். அக்கா கடையில் பாதி நாள் மிக்ஸி ஓடுவதில்லை. புது நிறுத்தத்தில் கடை போட அனுமதி கேட்டு அக்காவே ஒரு மனு கொடுத்திருக்கிறார். மாணவர்கள் முன்னர் எழுதியதற்கு இது நேர் எதிராக இருக்கிறதே என்று நகராட்சியில் அதை ஓரமாக வைத்திருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டு புது மாணவர்கள் சேர்ந்தார்கள். மிஸ் அவர்களைப் பூங்காவுக்கு அழைத்துப் போகவில்லை. முதல் நாளே அக்கா கடை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். சும்மா வேடிக்கை பார்க்கப் போன நானும் ஓரமாக நின்றேன். அக்கா அவர்களை மேலும் கீழும் பார்த்தார்.

“போன வருஷம் ஒரு கூட்டம் வந்து நல்லது பண்ணிட்டுப் போயிடுச்சு. நீங்க என்ன பண்ணப் போறீங்க?”

பிள்ளைகள் மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார்கள். மிஸ் அக்காவைப் பார்த்தார்.

இப்படி ஒரு வகுப்பு எங்காவது தொடங்கப்போவதாகக் கேள்விப்பட்டால், தயவுசெய்து அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். பயமுறுத்துவதற்காக அல்ல. முடிவு என்ன என்று கேட்டால், கடை இன்னும் பழைய இடத்தில்தான் இருக்கிறது என்று சொல்லுங்கள். அவர்களுக்கு ஏதாவது தோன்றினால் எங்களுக்கும் சொல்லி அனுப்பட்டும்.