ஏ.இ. மேடம் வந்த அன்றைக்குத் தெரு காய்ந்திருந்தது

மழைநீர் வடிகால் கட்ட நிதி வந்திருக்கிறது, எந்தத் தெருவுக்கு என்று இன்னும் முடிவாகவில்லை என்று வார்டு கூட்டத்தில் சொன்னார்கள். அன்றிலிருந்து நான் நிலைகொள்ளாமல் திரிந்தேன். சிவில் முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்த காலம் அது. படித்ததை எதிலாவது போட்டுப் பார்க்க வேண்டும் என்று கை துறுதுறுத்தது. அந்த நேரத்தில் அரசாங்கமே வந்து "எங்கம்மா தண்ணி நிக்குது, காட்டு" என்று கேட்டால் சும்மா இருக்க முடியுமா?

எங்கள் தெரு அவனியாபுரத்தில், கண்மாயை ஒட்டிப் பிளாட் போட்ட இடம். நல்ல மழை பெய்தால் சுற்றுவட்டாரத்துத் தண்ணீரெல்லாம் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி வந்து உட்கார்ந்துகொள்ளும். கிளம்புகிற பேச்சே இருக்காது. தெருவிலேயே பள்ளம் எங்கள் வீட்டு வாசல். அந்த வாசலில்தான் அம்மா மாவுக் கடை வைத்திருக்கிறாள். பெரிய கிரைண்டரில் கல் மேலே சுற்றும், மோட்டார் கீழே கிடக்கும். அப்படி வடிவமைத்தவர் எங்கள் தெருவைப் பார்த்ததில்லை. போன மழையில் தண்ணீர் உள்ளே வந்து மோட்டார் புகைந்தது. அம்மா அதைக் கழற்றிக் காயில் கட்டக் கொடுத்து வாங்கி மாட்டிவிட்டு என்னிடம் சொன்னாள்:

"இன்னொருக்கா தண்ணி உள்ள வந்துச்சுன்னா இந்தக் கடையச் சாத்திருவேன். அப்பறம் நீ படிச்ச படிப்பாச்சு, உன் வடிகாலாச்சு."

அதனால் நான் தீவிரமாக இறங்கினேன். கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பிடித்துக்கொண்டு தெரு முழுக்க நடந்தேன். எங்கள் தெரு, பின் தெரு, இரண்டுக்கும் மேடுபள்ளம் போட்டு ஒரு வரைபடம் தயார் செய்தேன். பின் தெரு எங்கள் தெருவைவிட உயரம். அங்கே ஒருநாளும் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நின்றதில்லை. வரைபடத்தில் எங்கள் வாசலைச் சிவப்பு மையில் வட்டமிட்டபோது எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

தெருச் சங்கத் தலைவர் மிஷன் பள்ளியில் டிராயிங் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வரைபடத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "கோடு நேரா போட்ருக்கம்மா" என்றார். அவ்வளவுதான்.

ஐப்பசி மழை கொட்டியது. தெருவில் முழங்கால் தண்ணீர். அம்மா கிரைண்டரைச் செங்கல் வைத்து உயர்த்தியதால் மோட்டார் தப்பித்தது. வாசற்படிக்குக் கீழே தண்ணீர் தளும்பிக்கொண்டு நின்றது. நான் எல்லா அலுவலகத்துக்கும் போன் போட்டேன். கடைசியில் மாநகராட்சி உதவிப் பொறியாளர், ஏ.இ. மேடமே பேசினார்.

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வாரோம்மா. தண்ணி நிக்கிறத நேர்ல பாத்து, ஸ்கேல் வச்சு போட்டோ எடுத்து, அங்கயே நின்னு ஆப்புல ஏத்தணும். அப்பத்தான் எஸ்டிமேட்ல உங்க தெருவச் சேக்க முடியும்."

தலைவரிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். "சார், ஏ.இ. மேடம் நம்ம தெருவுக்கு வாராங்க."

"வாராங்களா?" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அவருக்கு அதற்குமேல் நான் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் காலையில் வரைபடத்தைக் கலரில் பெரிதாக அச்செடுக்கப் பழங்காநத்தம் போனேன். அங்கே கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருக்கிற கடையைத் தேடிப் பிடித்து, வரிசையில் நின்று, கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தவரோடு சண்டை போட்டு, அச்சைச் சுருட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் திரும்பினேன். தெருமுனையில் இறங்கினதும் வேறு தெருவில் இறங்கிவிட்டேனோ என்று ஒரு சந்தேகம்.

தண்ணீரைக் காணவில்லை. தெரு கழுவிவிட்ட மாதிரி இருந்தது. இரண்டு ஓரமும் பிளீச்சிங் பவுடர் கோடு, டிராயிங் வாத்தியார் கோடு என்பதால் அம்பு மாதிரி நேராக. வீட்டுச் சுவர்களில் தண்ணீர் நின்ற கறை இருக்குமே, என்னுடைய பெரிய ஆதாரம், அதன்மேல் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். எங்கள் வாசலில் அம்மா குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, தண்ணி எங்கம்மா?"

"இறைச்சாச்சு. நீ அந்தப் பக்கம் போகவுமே டீசல் மோட்டார் ஓடுற சத்தம் கேட்டுச்சு. தள்ளி நில்லு, கோலத்த மிதிக்காத."

கிணறு தூர்வாருகிறவர்களுக்கு டீசல் மோட்டார் வாடகைக்கு விடுகிற அண்ணன் ஒருத்தர் எங்கள் தெருவில் உண்டு. தலைவர் அவரைப் பிடித்திருக்கிறார். இரண்டு தெருவுக்கும் நடுவே உள்ள சந்து வழியாக ஓஸ் குழாயைப் போட்டு, மொத்தத் தண்ணீரையும் பின் தெருவுக்கு ஏற்றிவிட்டார்கள். பின் தெருவில் புதிதாகப் போட்ட சிமெண்ட் ரோடு நடுவில் தாம்பாளம் மாதிரி குழிந்திருக்கும். அதில் எங்கள் தண்ணீர் சௌகரியமாகத் தங்கிவிட்டது.

"சார், தண்ணியப் பாக்கத்தான சார் அவங்க வாராங்க?" என்றேன் தலைவரிடம்.

"அதுக்கு? ஒரு பொம்பள ஆபீசர சாக்கடைத் தண்ணிக்குள்ள நடக்க வைப்பியா? தெருவுக்குன்னு ஒரு கௌரவம் இருக்குல்ல."

அம்மாவைப் பார்த்தேன். கடையை இழக்கப் போகிறவளே அவள்தான்.

"நம்ம வீட்டுக்கு வாரவங்களுக்கு முன்னாடி குப்பையும் கூளமுமா நிக்கச் சொல்றியா?" என்றாள் அம்மா. "வாய்ல சொன்னா நம்ப மாட்டாங்களா, படிச்சவங்கதான?"

ஜீப் வந்தது. ஏ.இ. மேடம் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கையில் அளவுக் கம்போடு இறங்கினார். இறங்கின வேகத்தில் தலைவர் பொன்னாடை போர்த்தினார். மேடம் கம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"தண்ணி எங்கங்க?"

"உங்களுக்காகத்தான் மேடம், எல்லாத்தையும் க்ளீன் பண்ணிட்டோம்."

"நல்லா மெயின்டெய்ன் பண்றீங்க," என்றார் மேடம், மனசாரத்தான். "எல்லாத் தெருவும் இப்படி இருந்துட்டா எங்களுக்கு வேலையே இல்ல."

எனக்கு அழுகை வந்தது. போனை நீட்டி நேற்று எடுத்த வீடியோவைக் காட்டினேன். "வீடியோ எல்லாரும்தான்மா காட்டுறாங்க, நேர்ல பாக்காம நான் கையெழுத்துப் போட முடியாது" என்றார். சுவரில் சுண்ணாம்பைச் சுரண்டிக் கறையைக் காட்டப் போனேன். "ஏய், இப்பத்தான அடிச்சிருக்கு" என்று தலைவர் என் கையைப் பிடித்தார்.

அப்போது சந்து வழியாக ஒரு கூச்சல். பின் தெருக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். "எவன்டா தண்ணியத் திருப்பிவிட்டது" என்று ஆரம்பித்த பெரியவர், ஜீப்பையும் கம்பையும் பார்த்ததும் நடுவாக்கியத்தில் நின்றார். ஒரு மூச்சு விட்டுக்கொண்டார். பிறகு குரலே மாறிவிட்டது.

"மேடம், எங்க தெருவ வந்து பாருங்க மேடம். வருசா வருசம் இதே பாடுதான்."

நான் வாயைத் திறந்தேன். மோட்டார் அண்ணன் என் காதருகே வந்து, "பாப்பா, சும்மா இரு. ரோட்டுல தண்ணி விட்டதுக்கு என் மேல கேஸ் போட்ருவாங்க, மோட்டாரத் தூக்கிட்டுப் போயிருவாங்க" என்றார். அவருடைய பிழைப்பும் அந்த மோட்டார்தான். வாயை மூடிக்கொண்டேன்.

மேடம் பின் தெருவில் பூட்ஸோடு இறங்கி, கம்பை ஊன்றி, போட்டோ எடுத்து, அங்கேயே நின்று ஏற்றினார். தண்ணீரில் அம்மா கழுவி ஊற்றிய அரிசிக் கழனியின் வெள்ளைகூட மிதந்தது. ஒருத்தரும் கவனிக்கவில்லை.

வடிகால் பின் தெருவுக்குக் கிடைத்தது.

அலுவலகத்துக்குப் போனேன். வரைபடத்தை மேஜையில் விரித்தேன். மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"இதுபடி பாத்தா பின் தெரு மேடுல்ல?"

"ஆமா மேடம்."

"மேட்டுல முழங்கால் தண்ணி நின்னுச்சே. நானே இறங்கி அளந்தேன்."

மோட்டார் யாருடையது என்பதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன். மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அடக்க முடியாமல் எழுந்து ஜன்னல் பக்கம் போய்ச் சிரித்துவிட்டு வந்தார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, வேலை உத்தரவு போய்விட்டது, ஒரு தெருவுக்கு ஒதுக்கினதை இன்னொரு தெருவுக்கு மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை, அடுத்த ஒதுக்கீடு எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது என்று சொன்னார். வாசல் வரை கூட வந்து, "அடுத்த தடவ தயவுசெஞ்சு அழுக்கா இருங்கம்மா" என்றார்.

பின் தெருவில் கான்கிரீட் போட்டு, மூடி வைத்து, அம்சமாகக் கட்டி முடித்தார்கள். வேலை நடந்த நாளெல்லாம் நான் போய் நின்று பார்த்தேன். கம்பி கட்டுகிறவர்கள் என்னை மேற்பார்வைக்கு வந்த ஆள் என்று நினைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

அடுத்த மழைக்கு எங்கள் கடைக்குள் தண்ணீர் வந்தது. செங்கலையும் தாண்டி வந்தது. மோட்டார் புகைந்தது. அம்மா சுவிட்சை அணைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

"சாத்திறலாம்," என்றாள்.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் ஆள் வீட்டில் இல்லை. பின் தெருவில் ஒரு வீட்டு முன்னறையை வாடகைக்குப் பேசி முடித்துவிட்டு வந்து நின்றாள். வீட்டுக்காரர், அன்றைக்குக் கூச்சல் போட்டு வந்த அதே பெரியவர்.

"அவங்க நம்மள ஏமாத்தி வடிகால வாங்குனாங்கம்மா," என்றேன்.

"தண்ணிய யாரு அனுப்புனா?" என்றாள் அம்மா. "ஏண்டி, கவர்மெண்டு வடிகால நம்ம வாசலுக்குத் தூக்கிட்டு வராது. கிரைண்டர நம்ம தூக்கிட்டுப் போகலாம்ல. அந்தப் பக்கம் பிடி."

பிடித்தேன். மோட்டார் அண்ணன் ஒரு பக்கம், தலைவர் ஒரு பக்கம். முழங்கால் தண்ணீரில் தள்ளாடிக்கொண்டு சந்து வழியாக மேட்டுக்கு ஏற்றினோம். "பாத்து, பாத்து" என்று சொன்ன தலைவர்தான் முதலில் வழுக்கினார். கிரைண்டர் விழவில்லை.

மோட்டாரைச் சரிசெய்து மாட்டி, புதுக் கடையில் வியாபாரம் ஆரம்பித்த அன்றைக்குச் சாயங்காலமே மழை பிடித்தது. எங்கள் தெரு ஆட்கள் தூக்குவாளியைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, தண்ணீரைக் கிழித்து நடந்து வந்து, படியேறி, காலை உதறிவிட்டு மாவு கேட்டார்கள். அம்மா அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள், வாசற்படிப் பக்கம் ஒருதரம்கூடத் திரும்பவில்லை. நான் குடையோடு வெளியே போய் வடிகால் மூடியின் ஓட்டையில் குனிந்து பார்த்தேன். தண்ணீர் சடசடவென்று ஓடியது. சரிவு கச்சிதம். குறையே சொல்ல முடியவில்லை.