மீன் சுட்ட நெருப்பு

எங்கள் குஞ்சியப்பு, அதாவது என் தகப்பனாரான ஐயாவின் தம்பி, வருஷம் முழுவதும் வெளியே நெருப்பு மூட்டி எதையாவது சுட்டுத் தின்றுகொண்டிருந்தவர். கலியாணம் செய்யாத மனுஷன். எங்கள் வளவிலேயே ஒரு துண்டை வேலியடைத்து, கொட்டில் ஒன்று போட்டுக்கொண்டு தனியே இருந்தார். கொட்டிலுக்குள் அடுப்பு இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. வெளியே முருங்கைக்குக் கீழே ஒரு கிடங்கு வெட்டி, அதன் குறுக்கே பழைய சைக்கிள் கம்பிகளைப் போட்டிருந்தார். அவருடைய குசினி, விறாந்தை, பொழுதுபோக்கு எல்லாம் அந்தக் கிடங்குதான்.

தை மாசியில் பனங்கிழங்கு சுடுவார். சித்திரையில் விளைமீனும் ஓராவும். ஆடியில் சோழகக் காற்று அவருடைய சாம்பலை அள்ளி எங்கள் முற்றத்தில் கொட்டும், அப்போது பனம்பழம். மாரியில் ஊரெல்லாம் போர்த்துக்கொண்டு படுத்திருக்க, அவர் கிடங்கைச் சுற்றி வரம்பு கட்டி, மேலே கிடுகால் ஒரு சார்ப்பு இறக்கி, போதாக்குறைக்குக் குடையும் பிடித்துக்கொண்டு நண்டு சுடுவார். நல்ல மீனுக்காகப் பருத்தித்துறை வரை சைக்கிள் மிதிப்பார். உப்பும் மிளகாய்த்தூளும் புளியும் தடவிய மீனிலிருந்து எண்ணெய் தணலில் சொட்டும்போது ஒரு வாசம் எழும். அந்த வாசம் எந்த வேலிக்கும் மரியாதை கொடுத்ததில்லை.

வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள் சைவம். ஐயா சைவத்திலும் ஒருபடி மேலே. மீன் வாசம் வீட்டுக்குள் வந்துவிட்டால் சுவாமி அறைக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பவும் குளிப்பார். வெள்ளிக்கிழமைகளில் வேலியோரம் போய் நின்று செருமுவார். குஞ்சியப்பு உடனே மீனை வாழையிலையால் மூடுவார். அண்ணன் தம்பிக்கிடையே நடந்த பேச்சுவார்த்தை பெரும்பாலும் இவ்வளவுதான். வேலியில் நாய் நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. நாயும் நானும் அதைப் பாவித்தோம். திரும்பி வரும்போதெல்லாம் கிழங்கு மட்டும்தான் தின்றேன் என்று அம்மாவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்வேன். அது பாதி நாட்கள் உண்மையாகவும் இருந்தது.

எனக்கு எட்டு வயதிருக்கும். என் அண்ணை மலாயாவில் றெயில்வேயில் கிளாக்கராக இருந்தார். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்தபிறகு அவரைப்பற்றி ஒரு சேதியும் இல்லை. இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாது. அம்மா பிடிக்காத விரதம் இல்லை. இரண்டாவது வருஷ ஐப்பசிக் கந்தசட்டிக்கு, ஆறு நாளும் மிடறு தண்ணீர் தவிர வேறொன்றும் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டார். ஏழாம் நாள் காலையில் தலைக்குத் தோய்ந்து கும்பிட்டு, சுத்தமான அடுப்பில் சமைத்ததைப் படைத்துச் சாப்பிட்டால் விரதம் நிறைவேறும். அதுதான் பாறணை.

விரதம் தொடங்கிய அன்று ஐயா என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்.

"அந்தப் பொட்டுப் பக்கம் தலைவைச்சும் படுக்கப்படாது. மீன் மச்சம் பட்ட ஒண்டும் இந்த வீட்டுக்குள்ளை வரப்படாது. விரதத்திலை பிழை வந்தால் அது அண்ணையைத்தான் தாக்கும். விளங்குதோ?"

நன்றாகவே விளங்கியது. அண்ணையின் உயிர் அம்மாவின் அடுப்பில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். ஆறு நாளும் நாயைக்கூட வேலிப் பக்கம் விடவில்லை. குஞ்சியப்புவும் மருமகப்பிள்ளை போல அடக்கமாக மரவள்ளிக்கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தார்.

அந்த மாரி ஊற்றித் தள்ளியது. சூரன்போருக்குச் சனம் வெள்ளத்தில் நனைந்துகொண்டுதான் போய்வந்தது. அன்றிரவு காற்று கிளம்பிக் குசினிக் கூரையின் ஒரு பக்கத்தைப் பெயர்த்துவிட்டது. விடியப் பார்த்தால் அடுப்புக்குள் தண்ணீர். அணையாமல் இருக்கச் சாம்பலுக்குள் புதைத்து வைத்த பனங்கொட்டைத் தணல் கரியாக மிதந்தது. யுத்த காலத்தில் நெருப்புப்பெட்டி சங்கக்கடையில் எப்போதாவதுதான் கிடைக்கும். இருந்த ஒரு பெட்டியும் ஊறிப்போய்க் குச்சிகளின் தலை கரைந்திருந்தது. சுவாமி விளக்கும் அணைந்து கிடந்தது. ஐயா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா ஒன்றுக்கும் பதறவில்லை. நெருப்பைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். தலைக்கு வார்த்துவிட்டுத் திரும்பும்போது விழுந்துவிட்டார்.

ஐயா தூக்கிவந்து விறாந்தையில் கிடத்தினார். அம்மாவின் உதடு நீலமாக இருந்தது. பல் கிட்டியிருந்தது. கரண்டியால் நெம்பி இளநீர் விட்டோம். உள்ளே போன கொஞ்சமும் திரும்பி வந்துவிட்டது. உடம்பு கிணற்றுக் கல்லைப்போலக் குளிர்ந்து கிடந்தது. ஐயா வீட்டிலிருந்த துணியெல்லாம் கொண்டுவந்து போர்த்தினார். நடுக்கம் நிற்கவில்லை.

"சூடாய் ஏதும் உள்ளை போகவேணும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வைத்தியம் பார்க்கும் பரியாரியார் வீடு வெள்ளத்துக்கு அப்பால். அயலட்டைச் சனமெல்லாம் விடியற்பூசைக்குக் கோயிலுக்குப் போய்விட்டது. வேலிக்கு அப்பாலிருந்த மச்சம் பட்ட கிடங்கின் பக்கம் திரும்பாமலே ஐயா ஒரு மண்சட்டியை எடுத்தார். கோயில் மடைப்பள்ளியில் நெருப்பு இருக்கும், எடுத்துக்கொண்டு வாறன் என்றார்.

"அம்மாடை காலைத் தேய்ச்சுக்கொண்டிரு. நிப்பாட்டாதை."

நான் தேய்த்தேன். கை சோர்ந்தபோதும் தேய்த்தேன். அம்மா கண்ணைத் திறக்காமல், "பெரியவன் வந்திட்டானோ?" என்று கேட்டார். ஓம் என்பதா இல்லை என்பதா என்று எனக்குத் தெரியவில்லை. விரத நாளில் பொய் சொன்னால் அதுவும் அண்ணையைத் தாக்குமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு அம்மா ஒன்றும் கேட்கவில்லை. நடுக்கமும் மெல்ல மெல்லக் குறைந்தது. குணமாகி வருகிறது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

ஐயா வருவது வீட்டுக்கு வரும் ஒழுங்கையின் முடக்கிலேயே தெரிந்தது. இடுப்பளவு வெள்ளத்தில், சட்டியை ஓலையால் மூடி, தலைக்கு மேலே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். படலைக்கு வெளியே மதகுக் கல்லில் கால் வழுக்கியது. சட்டி தண்ணீருக்குள் போய்ச் 'சுர்' என்றது. ஐயா வெள்ளத்துக்குள் கையை விட்டுத் துழாவி, ஒரு கரித்துண்டை எடுத்துப் பார்த்துவிட்டுப் போட்டார்.

விறாந்தைக்கு வந்து அம்மாவின் நெற்றியைத் தொட்டார். நடுக்கம் நின்றிருந்ததைக் கண்டதும் அவருடைய முகம் மாறிவிட்டது. அது நல்ல அறிகுறி இல்லை என்பதை அந்த முகத்தைப் பார்த்துத்தான் நான் அறிந்தேன்.

அந்த நேரம் பார்த்து வேலிக்கு அப்பாலிருந்து வாசம் வந்தது. விரதம் முடிந்துவிட்டது என்று குஞ்சியப்பு தன்பாட்டில் தீர்மானித்து, மீனைக் கம்பியில் ஏற்றிவிட்டிருந்தார். எங்கள் வீட்டில் நடந்த ஒன்றும் மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்கவில்லை.

ஐயா எழுந்தார். செருமப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் புதிய சட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே வேலிக்குப் போனார். சுற்றிப் போக நேரமில்லை. ஊரில் நாலு பேர் எழுந்து வழிவிடும் மனுஷன், சேற்றில் முழங்காலை ஊன்றி அந்த நாய்ப் பொட்டுக்குள்ளால் நுழைந்தார். நானும் பின்னால் ஓடினேன்.

"தம்பி, கொஞ்சம் நெருப்புத் தா. இவளுக்குச் சுகமில்லை. கஞ்சி வைக்கவேணும்."

குஞ்சியப்பு பதறியடித்துக்கொண்டு எழுந்தார். பிறகு கிடங்கைப் பார்த்தார். மீன் எண்ணெய் சொட்டித் தணல் படபடத்துக்கொண்டிருந்தது.

"அண்ணை, இதிலை மீனெல்லே கிடக்கு."

"தெரியும். தா."

"வேண்டாம் அண்ணை. பெடியனுக்கெண்டு பிடிச்ச விரதம். நான் ஓடிப்போய் வேறை எங்கையும்..."

"நேரமில்லை. அவன் எங்கையோ இருக்கிறான். இவள் இஞ்சை கிடக்கிறாள்."

குஞ்சியப்பு அசையவில்லை. மீன் தின்னுகிற மனுஷன் வழிமறித்து நிற்க, மீன் வாசத்துக்குக் குளிக்கிற மனுஷன் அவரைத் தள்ளிவிட்டு, வெறுங்கையால் சிரட்டையைப் பிடித்துத் தணலை அள்ளினார். விரல் சுட்டதைக்கூடக் கவனிக்கவில்லை. குஞ்சியப்பு நெருப்பு மூட்ட ஒரு பிடி காய்ந்த பன்னாடையை அவர் பின்னால் கொண்டோடி வந்தார்.

விறாந்தை மூலையில் மூன்று கல் வைத்து நெருப்பு மூண்டது. புகையில் எனக்கு மீன் மணத்தது. அரிசி கொதித்தது. அந்தப் பானைக்குள் கொதிப்பது அண்ணை என்றே பட்டது. தட்டிவிட்டால் போதும் என்று பானைக்குக் கிட்டப் போய்விட்டேன். ஐயா என் மணிக்கட்டைப் பிடித்தார். நோகப் பிடித்தார்.

"கதையாதை, பிள்ளை," என்றார். நான் ஒன்றுமே கதைத்திருக்கவில்லை.

முதல் கரண்டி கஞ்சி வழிந்தது. இரண்டாவதும் வழிந்தது. பிறகு அம்மாவின் தொண்டை அசைந்தது. ஐயா ஊதி ஊதிப் பருக்கினார். வெகுநேரத்துக்குப் பிறகு அம்மா கண் விழித்து நெருப்பைப் பார்த்தார்.

"ஆருடைய நெருப்பு?"

"கோயில் மடைப்பள்ளி நெருப்பு," என்றார் ஐயா.

அம்மா கோயில் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. குஞ்சியப்பு முற்றத்தில் மழைக்குள் நின்றுகொண்டிருந்தார்.

அம்மா பிழைத்துவிட்டார். நான் சொல்லவில்லை. சொன்னால் அம்மா செத்துவிடுவார், சொல்லாவிட்டால் அண்ணை செத்துவிடுவார் என்று இரண்டு பக்கமும் அடைத்துப்போய்க் கிடந்தேன். கோபம் முழுவதும் ஐயாவின் மேல் திரும்பியது. விதியை எனக்குச் சொல்லித் தந்தவரே அதை முறித்தார், அதுவும் பொய் சொல்லி. என்னால் அதைப் பொறுக்க முடியவில்லை.

அதன்பிறகு ஐயா கோயிலுக்கு உள்ளே போகவில்லை. அம்மாவையும் என்னையும் வாசல் வரை கூட்டிவந்துவிட்டு, வெளிவீதி வேம்பின் கீழ் நிற்பார். முழங்கால் வருத்தம் என்று சொல்லிக்கொண்டார். வேலியோரம் போய்ச் செருமுவதும் நின்றுபோனது. குஞ்சியப்பு மட்டும் வெள்ளிக்கிழமைகளில் யாரும் கேட்காமலே மீன் சுடுவதை விட்டிருந்தார். நான் என் மூளைக்கு எட்டியபடி ஒரு முடிவுக்கு வந்தேன். ஐயாவுக்குச் சாமியில் நம்பிக்கை கிடையாது. இல்லாதபடியால்தான் அண்ணையை அவ்வளவு லேசாகக் கைவிட முடிந்தது.

யுத்தம் முடிந்தபிறகு கப்பல்கள் ஓடத் தொடங்கின. மலாயாவிலிருந்து எலும்பும் தோலுமாக ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணையோடு வேலை செய்தவர். ஜப்பான்காரன் இரண்டுபேரையும் சயாம் காட்டுக்கு றெயில் பாதை போடக் கொண்டுபோனானாம். காய்ச்சல் வந்ததாம். அதற்குமேல் அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. அம்மாவின் குரல் கேட்டு ஊர் கூடிவிட்டது. குஞ்சியப்பு வேலிக்கு மேலாலேயே பாய்ந்து வந்தார்.

ஐயா அழவில்லை. அந்த மனுஷனுக்குக் கிட்டப் போய்க் குந்தி, "எந்த மாதம்?" என்று கேட்டார்.

"முந்தா வருசம், ஆவணியிலை."

"நல்லா வடிவாத் தெரியுமோ? ஐப்பசி இல்லையே?"

"இல்லை ஐயா. நல்லூர்த் தேர் நாளெண்டு ரெண்டுபேருமாய் அங்கையிருந்தே கும்பிட்டனாங்கள். அடுத்த கிழமை போயிட்டான்."

நாங்கள் அந்த விரதம் பிடித்த வருஷந்தான். ஐயா கண்ணை மூடிக்கொண்டார். அடக்கி வைத்திருந்த மூச்சு ஒன்று மெதுவாக வெளியே வந்தது. தோள் இரண்டும் இறங்கின. அவருடைய முகத்தில் நான் கண்டது ஆறுதல். அம்மா மண்ணில் புரண்டுகொண்டிருக்க, பெற்ற பிள்ளை செத்த சேதி கேட்டு ஆறுதல்படும் தகப்பனைப் பார்த்து எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான் எழுந்து அம்மாவின் பக்கம் போய்விட்டேன். பிறகுதான் ஐயா விக்கி விக்கி அழத் தொடங்கினார்.

திவசத்துக்குத் திதி பார்க்கத்தான் மாதம் கேட்கிறார் என்று வந்தவர் நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆவணி கழிந்துதான் ஐப்பசி வரும், எங்கள் விறாந்தையில் அந்த நெருப்பு மூண்டது ஐப்பசியில் என்பதெல்லாம் எட்டு வயதிலேயே எனக்குத் தெரியும். அதை ஐயாவின் இடத்திலிருந்து எண்ணிப் பார்க்க மட்டும் எனக்குத் தெரியவில்லை.