கொஞ்சமாக ஜெயிக்க வைக்கிற வேலை

இந்த அமெரிக்க ஃபுட்பால் சீசன் தொடங்கிய சமயம், பிரிட்ஜ்வாட்டரில் எங்கள் வீட்டில் ஒரு மதியச் சாப்பாடு. சாதாரணமாக முடிந்திருக்க வேண்டியது.

வந்தவர்கள் மூன்றே பேர். பக்கத்துத் தெரு சுந்தர், அவர் மனைவி மாலதி, அப்புறம் என் தோழி வித்யா. என்ன வேலை என்று யார் கேட்டாலும் வித்யா 'டேட்டா அனலிடிக்ஸ்' என்று முடித்துவிடுவாள்.

உண்மையில் அவள் இருப்பது ஒரு ஃபேன்டசி ஸ்போர்ட்ஸ் கம்பெனியில். நிஜ ஆட்டக்காரர்களைப் பொறுக்கி நீங்கள் ஒரு கற்பனை டீம் அமைப்பீர்கள். அவர்கள் மைதானத்தில் ஆடுவதைப் பொறுத்து உங்களுக்குப் பாயின்ட். பெரிய போட்டிகளில் நுழைவுக் கட்டணமே ஒரு மாத வீட்டுக்கடன் தவணை அளவுக்குப் போகுமாம்! முதல் பரிசு எவ்வளவு, எத்தனை பேருக்குப் பரிசு, கடைசிப் பரிசு எந்த இடத்தோடு நிற்கும்... இதையெல்லாம் தீர்மானிப்பது வித்யா.

சுந்தருக்கு இது தெரியாது. சுந்தர் அதை ஆடுகிறார் என்பது எங்களுக்கும் தெரியாது. ரசம் ஊற்றும்போது அவரே ஆரம்பித்தார்.

"சொன்னா சிரிப்பீங்க. எப்பெல்லாம் இதை விட்டுடலாம்னு நினைக்கறேனோ, கரெக்டா அப்ப ஒரு சின்னப் பரிசு வருது. போட்டதுக்கு மேல கொஞ்சம், அவ்வளவுதான். கிளம்பறவன் தோளைத் தட்டி யாரோ 'இருப்பா'ன்னு சொல்ற மாதிரி."

மாலதி சிரிக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வித்யா சட்டென்று எழுந்தாள். அடுக்களைக்குள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். "மீட்டிங்ல நான் சொன்ன வார்த்தைடி அது. 'கிளம்பறவன் தோளைத் தட்டணும்'. இங்கிலீஷ்ல சொன்னேன், அவ்வளவுதான் வித்தியாசம்."

திரும்பி வந்து நேராக அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, யாரும் உங்க தோளைத் தட்டல. அந்தக் கம்பெனியில பரிசைப் பிரிக்கறதே நான்தான். பணத்தையெல்லாம் முதல் ஆளுக்கே குடுத்தா விளம்பரத்துக்கு நல்லா இருக்கும். ஆனா மத்தவங்க வெறுங்கையோட போயிடுவாங்க, திரும்ப வர மாட்டாங்க. அதனால கீழ நிறைய பேருக்குப் போட்டதுக்கு மேல கொஞ்சம் வர்ற மாதிரி ஒரு கோடு கிழிப்போம். உங்களுக்குன்னு தனியா எதுவும் இல்ல. வராத வாரத்தையெல்லாம் நீங்க மறந்துட்டீங்க. ப்ளீஸ், விட்டுடுங்க."

கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். அவர் முகம் மலர்ந்தது. கண்கள்கூடப் பளபளத்தன.

"அப்ப... நீங்கதானா அது?"

யாரும் தட்டவில்லை என்று அவள் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை.

அடுத்த ஞாயிறு வித்யாவின் ஃபோனுக்கு சுந்தரிடமிருந்து மெசேஜ்: 'இந்த வாரம் போடட்டுமா?' அவள் பதில் போடவில்லை. 'வேண்டாம்னு நீங்க சொல்லலையே' என்று எழுதிவிட்டு ஆடினார். தோற்றார். மறு வாரமும் கேட்டார். 'வேண்டாம்' என்று அனுப்பினாள். ஆடவில்லை. அந்த வாரம் அவர் எடுக்க நினைத்திருந்த ஆட்டக்காரர் முதல் ஐந்து நிமிஷத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். 'காப்பாத்திட்டீங்க' என்று மெசேஜ். கூடவே கைகூப்பும் பொம்மை.

மௌனமும் உத்தரவு, மறுப்பும் அருள். இப்படி ஒருவரை என்ன சொல்லித்தான் திருப்புவது?

வித்யா அலுவலகத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஊழியருக்குத் தெரிந்தவர் என்பதால் கம்பெனி அவர் கணக்கை மூடியது. அவர் நம்பரை இவள் பிளாக் பண்ணினாள். ஒழிந்தது என்று இருவரும் நிம்மதியாக மூச்சுவிட்டோம்.

போன வாரம் மாலதி எனக்கு ஃபோன் பண்ணினாள். குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

"அக்கா, அவர் வேற கம்பெனியில அக்கவுன்ட் ஓபன் பண்ணியிருக்கார். என் சம்பளத்தையும் பொண்ணோட காலேஜ் பணத்தையும் நான் என் பேருக்கு மாத்திட்டேன். அது சேஃப். ஆனா நேத்து அவருக்கு மறுபடி வந்துது, அதே மாதிரி கொஞ்சமா. சோஃபால உக்காந்து, மெதுவா 'தேங்க்ஸ் வித்யா'ங்கறார். ரூம்ல யாருமே இல்லக்கா. ஃபோன்ல பேசறார்னு நினைச்சேன். ஃபோன் சார்ஜர்ல இருந்தது."

உடனே வித்யாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "அந்தக் கம்பெனியில உனக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களாடி? அங்க கோடு கிழிக்கறது யாரு?"

வித்யா சொன்னது இவ்வளவுதான்:

"யார் கிழிச்சா என்ன? அதே இடத்துலதான் கிழிப்பாங்க."

ஃபோனை வைத்தேன். மாலதிக்கு ஒரு மருத்துவரின் நம்பரை அனுப்பி வைத்தேன். சூதாட்டத்திலிருந்து மீள உதவுகிறவர். சுந்தர் வருவதாகச் சொல்லியிருக்கிறாராம்... வித்யாவிடம் கேட்டுவிட்டு.

கடவுளுக்காவது கோயிலில் நடை சாத்துகிற நேரம் என்று ஒன்று உண்டு!