பக்கத்து வீட்டுக்கு வந்த ஆயிரம் ரூபாய்

போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் நானும் பக்கத்து வீட்டுக்காரியும் காய் தரம் பிரிக்கிறோம். இருவருக்கும் ஒரே கூலி. எண்ணெய், பருப்பு, சிலிண்டர் என்று விலை ஏறியபோது இரண்டு வீட்டுக்கும் ஒன்றாகத்தான் இடித்தது. ஆனால் அரசாங்கம் மாதாமாதம் கொடுத்த ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை அவளுக்கு மட்டும் வந்தது. என் வீட்டுக்காரர் பேரில் ஒரு ஜீப்பு இருந்ததால் எனக்கு இல்லை என்றுவிட்டார்கள். மலைத் தோட்டங்களுக்கு ஆளேற்றிப் போகும் ஓட்டை வண்டி அது. டீசல் போட வழியில்லாமல் பாதி நாள் வாசலிலேயே நிற்கும்.

பணம் வந்ததும் அவள் கறி எடுப்பாள். எங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு கிண்ணம் குழம்பு கொண்டுவந்து தருவாள். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. பிள்ளைகள் தின்றார்கள். நான் தொட்டதில்லை.

ஒரு நாள் காலையில் அலுவலர் ஒருவர் அந்தத் தொகை பற்றிய விசாரணைக்கு வந்தார். அவள் வீடு பூட்டியிருந்ததால் என்னிடம் கேட்டார்.

"அவங்களுக்கு நெலம் ஏதும் இருக்காம்மா?"

"ராசிங்காபுரத்துல பெரிய தோப்பு இருக்கு சார்" என்றேன்.

தோப்பு அவளுடைய அண்ணனுக்குச் சொந்தம். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த மாதம் அவளுக்குப் பணம் வரவில்லை. ஆபீசில் போய் விசாரித்துவிட்டு நேரே என்னிடம்தான் வந்தாள்.

"மதினி, எனக்குத் தோப்பு இருக்குன்னு ஆரோ சொல்லிட்டாகளாம். நீங்கதான் பத்தாப்பு படிச்சவுக. ஒரு மனு எழுதிக் குடுங்க."

"ஆரு சொன்னதுன்னு கேக்கலையா?"

"கேட்டு என்ன செய்யப் போறேன் மதினி? மகளுக்கு மாத்திரை வாங்கணும். வெரசா எழுதுங்க."

மகளுக்கு மாத்திரை வாங்குவது அதுவரை எனக்குத் தெரியாது. கறி எடுத்தது மட்டும்தான் என் கண்ணில் பட்டிருந்தது. 'அந்த நிலம் எனக்குச் சொந்தமில்லை' என்று என் கைப்பட எழுதினேன். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவளோடு தாலுகா ஆபீசுக்கும் போனேன். அண்ணன் பேரில் இருந்த பட்டாவைப் பார்த்துவிட்டு மனுவை வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டு மாதத்தில் பணம் திரும்ப வந்தது. முதலில் என்னிடம்தான் சொன்னாள்.

"சந்தோசம்" என்றேன். பாதி உண்மை. திரும்பக் கிடைத்துவிட்டதே என்ற பொறாமையும் கூடவே வந்தது. அன்று அலுவலரிடம் சொன்னது நான்தான் என்று அவளிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.